கப்பியில் நான் போட்ட வெள்ளைக் கோடு

தம்பி,

போன கிழமை நீ தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டாய். வாசலில் ஆரோ வந்து நிற்கிறார்கள், பிறகு கதைப்பம் என்று சொல்லி நான் வைத்துவிட்டேன். வாசலில் ஒரு நாய்கூட நிற்கவில்லை. "அப்பா, மாப்பிள்ளைக் காரைத் துரை மாமாதான் ஓட்டவேணும் எண்டு ஆசைப்பட்டுக் கேட்டன். அந்த மனிசன் அழாத குறையா மாட்டன் எண்டிட்டார். நான் என்ன பிழையாக் கேட்டனான்?" என்று கேட்டாய். நீ ஒரு பிழையும் கேட்கவில்லை. பிழை முழுக்க இந்தப் பக்கம். அதற்குப் பிறகு இரண்டு தரம் நானே உனக்கு எடுத்தேன். நீ "சாப்பிட்டீங்களோ அப்பா" என்று கேட்டதும் ஓம் என்று சொல்லிவிட்டு, மழையைப் பற்றிக் கதைத்து வைத்துவிட்டேன். உன் குரலைக் கேட்டுக்கொண்டு இதைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். நீளமாக வரும். கலியாண வேலைகளுக்கு நடுவில் உன்னை இருத்தி வைத்து வாசிக்கச் சொல்வது சரியில்லைத்தான். ஆனால் நீ நோர்வேயில் விமானம் ஏறும் முன் வாசித்துவிட வேண்டும்.

துரை மாமாவை உனக்கு எப்படித் தெரியும்? லொறிக்கார மாமா. ஒவ்வொரு வருடமும் உன் பிறந்தநாளுக்கு ஒரு சீப்புக் கதலிப்பழத்தோடு வந்து படலையில் நின்று மணியடிப்பார். அம்மா போய்க் கையைப் பிடித்து இழுத்தால்தான் உள்ளே வருவார். உன்னை ஒருநாளும் தூக்கியதில்லை. சின்ன வயதில் நீ அவரிடம் ஓடிப்போய்க் கையை நீட்டினால், பழத்தை அந்தக் கையில் வைத்துவிட்டு ஒரு அடி பின்னால் போய்விடுவார். "மாமாக்கு என்னைப் பிடிக்காதோ?" என்று நீ அழுதது எனக்கு ஞாபகம் இருக்கிறது. உன்னை அவருக்குப் பிடித்த அளவுக்கு அவருடைய சொந்தப் பிள்ளையைப் பிடித்ததோ தெரியாது. நீ அவருடைய காரின் பின் சீற்றில் பிறந்தவன். அது உனக்குத் தெரியும். ஏன் அங்கே பிறந்தாய் என்பதுதான் உனக்குத் தெரியாது. கார் சூடாகி நின்றுவிட்டது, அந்தக் காலத்து மண்ணெண்ணெய் அப்படி என்று நாங்கள் எல்லோரும் சொல்லி வைத்திருந்தோம். மற்றவர்கள் அதை நம்பிச் சொன்னார்கள். நான் தெரிந்துகொண்டே சொன்னேன்.

சாவகச்சேரிச் சந்தைக்குப் பக்கத்தில் இருந்த கார் தரிப்பில் நானும் அவனும் ஒரே காலத்தில் வாடகைக்குக் கார் விட்டவர்கள். (அவன் என்றே எழுதுகிறேன், எனக்கு அவன் மச்சான், உனக்குத்தான் அவர்.) இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிப் பழைய இங்கிலீஷ் கார், ஒரே எஞ்சின். தொண்ணூறாம் ஆண்டு சண்டையோடு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. கார்கள் நிற்கவில்லை. ஒரு குட்டிப் போத்தலில் இருந்து நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினோம். நீ ஓட்டும் காருக்கு எஞ்சினே இல்லை, பற்றரிதான் என்கிறாய். ஆகவே ஒன்றை மட்டும் விளங்கப்படுத்துகிறேன், மீதிக் கதைக்கு அது வேண்டும். பிஸ்டன் மேலே ஏறி உச்சிக்கு வரும் நேரம் பார்த்துப் பிளக்கில் நெருப்புப் பொறி விழவேண்டும். பெற்றோலுக்கு அது உச்சிக்குச் சற்று முன்னாலேயே விழலாம். மண்ணெண்ணெய்க்கு அப்படி விழுந்தால் எஞ்சின் உள்ளே சுத்தியலால் தட்டுவது போலத் தட்டும். பொறி நேரத்தைப் பிந்த வைக்கவேண்டும். அளவுக்கு மேல் பிந்தினால் தட்டாது, ஆனால் இழுவை போய்விடும், எஞ்சின் கொதிக்கும். உச்சி எங்கே என்று வெளியில் இருந்து பார்க்க, எஞ்சினின் முன்னால் பெல்ற் ஓடும் கப்பியில் ஒரு வெட்டு அடையாளம் இருக்கும். அந்தக் கப்பியைப் பலன்சர் என்போம். நடுவில் ஒரு இரும்புக் குடம், அதைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம், அதற்கு வெளியே பாரமான இரும்பு வளையம். எஞ்சினின் உதறலை அந்த ரப்பர் வாங்கிக்கொள்ளும்.

மண்ணெண்ணெய்க்கு மாறியதும் தரிப்பிலேயே அதிகமாகத் தட்டியது என்னுடைய கார்தான். எஞ்சின் விஷயத்தில் நான்தான் விண்ணன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்த காலம் அது. கப்பியில் இருந்த அடையாளத்தைப் பார்த்துப் பார்த்து நேரம் வைத்தேன், தட்டல் நிற்கவில்லை. அளவெட்டியில் இருந்து ஒரு மேளக் கோஷ்டியை எங்கள் தென்மராட்சிக் கலியாணங்களுக்கு ஏற்றி இறக்கும் ஓட்டம் எனக்குத்தான் வழமையாக வரும். ஒருநாள் அவர்களை ஏற்றிக்கொண்டு வரும்போது வழியில் மூன்று இடத்தில் நின்று, தாலி கட்டி முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். மேளம் இல்லாமல் தாலி கட்டினார்கள் தம்பி! மூத்த நாதஸ்வரகாரர் என்னை விட்டுவிட்டுக் காரைத்தான் மேலும் கீழும் பார்த்தார். அடுத்த கலியாணத்துக்குத் துரையைக் கூப்பிட்டார்கள். அது பரவாயில்லை. துரை திரும்பி வந்து தரிப்பில் அத்தனை பேர் முன்னாலும், "மச்சான்ரை காருக்குத் தனியா மேளகாரர் என்னத்துக்கு? எஞ்சினே தவில் அடிச்சுக்கொண்டெல்லோ போகுது!" என்றான். தேத்தண்ணிக் கடைக்காரர் உட்பட எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே பற்றி எரிந்தது.

இதில் வெட்கம் என்னவென்றால், பகிடி நல்ல பகிடி. இப்போது எழுதும்போதுகூட எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு ஒரு பதில் பகிடி விட்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும். நான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பிடும்போதும் படுக்கும்போதும் எடுத்து எடுத்துப் பார்த்தேன். கலியாணம் கட்டப்போகிற உனக்குச் சொல்கிறேன், மனிசி உன்னைப் பார்த்துச் சிரித்தால் நீயும் சத்தமாகச் சிரி, அல்லது நோகுது என்று அந்த இடத்திலேயே சொல். இரண்டும் செய்யாமல் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிற்காதே. நான் செய்தது அதைத்தான்.

அந்த எரிச்சலில்தான் தட்டலுக்குக் காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன். ரப்பர் கிழடாகி, எண்ணெய் ஊறி, வெளி வளையம் தன் இடத்தில் இருந்து நழுவியிருந்தது. அடையாளமும் வளையத்தோடு சேர்ந்து நழுவிவிட்டது. அதை நம்பி நேரம் வைத்தால் என்றைக்கும் பிழைதான். உண்மையான உச்சியைப் புதிதாகக் கண்டுபிடித்துக் கோடு போடவேண்டும். அதற்கு ஒரு வழி செய்தேன். பழைய பிளக் ஒன்றின் உள்ளுடலை இடித்து எடுத்துவிட்டு, அதில் ஒரு நீளமான ஆணியை முடுக்கி முதல் சிலிண்டரில் பூட்டினேன். பிஸ்டன் உச்சிக்குப் போகாமல் அதில் முட்டி நிற்கும். காரைக் கியரில் போட்டு மெல்ல முன்னுக்குத் தள்ளி, முட்டிய இடத்தில் கப்பியில் ஒரு கீறல். பின்னுக்குத் தள்ளி, முட்டிய இடத்தில் இன்னொரு கீறல். ஒரு நூலை எடுத்து இரண்டு கீறலுக்கும் இடையே கப்பியின் விளிம்போடு வைத்து வெட்டி, இரண்டாக மடித்தால் நடு வரும். அந்த நடுதான் உச்சி. அதில் வெள்ளைப் பெயின்ற்றால் ஒரு கோடு. கோட்டை வளையத்தில் மட்டும் போடுவதில்லை, குடத்தில் தொடங்கி ரப்பரைத் தாண்டி வளையம் வரைக்கும் ஒரே இழுப்பாக இழுப்பேன். பிறகு ஒருநாள் ரப்பர் நழுவினால் கோடு முறிந்து காட்டிவிடும். மண்ணெண்ணெய்க்குப் பொறியை அந்தக் கோட்டிலேயே வைத்தேன். என் கார் தட்டுவதை நிறுத்தியது. கொடிகாமத்தில் இருந்தெல்லாம் கார்கள் கோடு போட வந்தன. எனக்குத் தலை கால் தெரியவில்லை.

இரண்டு மாதம் போயிருக்கும், துரையின் கார் தட்டத் தொடங்கியது. நேரே என்னிடம்தான் வந்தான். "மச்சான், உன்னை விட்டா எனக்கு ஆர்? ஒரு கோடு போட்டு விடு" என்றான். பகிடியைப் பற்றி ஒரு மன்னிப்பும் இல்லை, மறந்தே போய்விட்ட மாதிரி நின்றான். அதுதான் என்னை இன்னும் கிளப்பியது. முடியாது என்று சொல்லியிருக்கலாம். செய்ய மனமில்லாத வேலையைச் செய்ய மாட்டேன் என்று சொல்வதில் ஒரு பாவமும் இல்லை. நான் சிரித்துக்கொண்டு "கொண்டு வா" என்றேன். அவனே வேர்க்க வேர்க்கக் காரை முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளினான். நான் குந்தியிருந்து கீறினேன். நூலை வெட்டினேன், இரண்டாக மடித்தேன். மடித்த இடத்தில் கோடு போடவில்லை. சின்ன விரல் அகலம் தள்ளிப் போட்டேன், பிஸ்டன் உச்சிக்கு வந்து இறங்கத் தொடங்கிய பிறகு கோடு வந்து சேரும் மாதிரி. பொறி நேரத்தையும் அந்தக் கோட்டிலேயே வைத்துவிட்டு, "இனி இதை ஒருத்தரும் தொடப்படாது, நீயும் காதாலை கேட்டு மாத்திப் போடாதை" என்று சொல்லியும் விட்டேன். "நீ போட்ட கோட்டை நான் ஏன் மாத்துறன்?" என்று கேட்டான். கை தவறிப் போட்ட கோடு என்று நீ நினைக்கக்கூடும். இல்லை. என் வாழ்க்கையில் அதைப்போல நேர்த்தியாக இன்னொரு கோடு நான் இழுத்ததில்லை.

துரையின் கார் தட்டுவதை நிறுத்தியது, இழுப்பதையும் நிறுத்தியது. சின்ன ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. இரண்டு பேரை ஏற்றினாலே றேடியேற்றர் கொதித்தது. எண்ணெயில் தண்ணி கலந்திருக்கிறார்கள் என்று கடைக்காரரோடு சண்டை பிடித்தான். பிறகு றேடியேற்றரைக் கழற்றிக் கழுவினான். கோட்டின் மேல் மட்டும் அவனுக்குச் சந்தேகம் வரவில்லை. மேளக் கோஷ்டியை அவனுடைய கார் ஏற்றி இழுக்க முடியாமல் போக, அளவெட்டி ஓட்டம் என்னிடமே திரும்பி வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குச் சந்தோசமாக இருந்தது. கொஞ்ச நாள் கொதிக்கட்டும், பிறகு "ரப்பர் நழுவிவிட்டது" என்று சொல்லிச் சரியாகப் போட்டுக் கொடுப்போம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். இந்தக் கிழமை, அடுத்த கிழமை என்று தள்ளிக்கொண்டு போனேன்.

அப்போது நீ அம்மாவின் வயிற்றில். கடைசி மாதத்துக்கு அம்மா வரணியில் உன் பெரியம்மா வீட்டில் போய் இருந்தாள். டொக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் பத்து நாள் கிடந்தது. அன்று காலையில் எனக்கு அளவெட்டி ஓட்டம். எட்டு மணிக்கு நான் மேளக் கோஷ்டியை ஏற்றப் புறப்பட்டேன். ஒன்பது மணிக்கு அம்மாவுக்கு நோ தொடங்கியது. பெரியம்மா ஒரு ஆளைச் சைக்கிளில் தரிப்புக்கு ஓடச் சொன்னா. தரிப்பில் அந்த நேரம் நின்றது துரையின் கார் ஒன்றுதான். அவன் முறையா என்று ஒருவரும் கேட்கவில்லை, ஓட்டத்துக்கு என்ன தருவீர்கள் என்று அவனும் கேட்கவில்லை. நாலு கானில் தண்ணி நிரப்பிக்கொண்டு வரணிக்குப் போய், அம்மாவையும் பெரியம்மாவையும் ஏற்றிக்கொண்டு திரும்பினான். வானத்தில் ஒரு விமானச் சத்தமும் இல்லாத, நல்ல வெயில் நாள்.

கொடிகாமம் வரும்போது கார் முதல் தரம் கொதித்தது. ஆறவிட்டு, தண்ணி ஊற்றி, மறுபடி எடுத்தான். சாவகச்சேரி ஆஸ்பத்திரி அரை மணித்தியாலத்தில் போய்ச் சேரும் தூரம். மீசாலையில் இரண்டாம் தரம் கொதித்து நின்றது. கானில் தண்ணி முடிந்து, பக்கத்து வளவுக் கிணற்றில் அள்ளிக்கொண்டு ஓடி வந்தான். எஞ்சின் பிடிக்கவில்லை. உள்ளே அம்மா கத்துகிறாள். அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தனி ஆளாகக் காரைத் தள்ளத் தொடங்கினான், ஆஸ்பத்திரிக்கு இன்னும் மூன்று கிலோமீற்றர் இருக்க. பெரியம்மா "நிப்பாட்டுங்கோ அண்ணை, பிள்ளை வருது" என்று சத்தம் போட்டா. ஒரு மாமரத்தின் கீழே நீ பிறந்தாய். நீ பிறந்ததில் ஒரு குறையும் இல்லை, வீதி அதிரக் கத்தினாய். அம்மாவுக்குத்தான் ரத்தம் நிற்கவில்லை. வழியில் வந்த ஒரு ட்ரக்டரை மறித்து, கயிறு கட்டிக் காரை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தார்கள். டொக்டர் உயிரைக் காப்பாற்றித் தந்தார், கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். உனக்குத் தங்கச்சி இல்லாததற்குக் காரணம் அதுதான். அம்மா உனக்கு அதைக் கடவுள் விட்ட வழி என்று சொல்லி வளர்த்தாள்.

பின்னேரம் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். துரை வாசல் படியில் இருந்தான். சட்டை முழுக்கக் கறை. என்னைக் கண்டதும் எழும்பி வந்து என் இரண்டு கையையும் பிடித்தான். "மச்சான், என்ரை கார் கைவிட்டுப்போட்டுது. தங்கச்சியைக் கொல்லப் பாத்திட்டுது" என்று குழந்தை மாதிரி அழுதான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கோடு சரியாத்தானே கிடந்தது, என்னெண்டு இப்பிடிக் கொதிச்சுது?" என்று கேட்டான். கேட்டது குற்றஞ்சாட்டி இல்லை, விளங்காமல் கேட்டான். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். "ரப்பர் நழுவியிருக்கும்" என்று சொன்னேன். சொல்லிவிட்டுத்தான் நினைவு வந்தது. நழுவியிருந்தால் கோடு முறிந்திருக்க வேண்டும், கோடு முறியாமல் கிடக்கும். "நீ இரு, காரை நான் கழுவிவிடுறன்" என்று வாளியோடு போனேன். பின் சீற்றில் உன் அம்மாவின் ரத்தம் காய்ந்து கிடந்தது. நான் முதலில் போனது முன்பக்கத்துக்கு, தம்பி. மண்ணெண்ணெய்த் துணியால் அந்தக் கோட்டை அழித்த பிறகுதான் சீற்றைக் கழுவினேன். அவன் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, "உன்னைப்போல ஒரு மனிசன் கிடைக்காது" என்றான்.

அவன் அந்தக் காரை மறுபடி எடுக்கவில்லை. வந்த விலைக்கு இரும்புக்குக் கொடுத்தான். தன் கை ராசியில்லாத கை என்று அவனுக்கு நிச்சயமாகிவிட்டது. நல்ல காரியத்துக்கு ஆட்கள் கூப்பிட்டால், "உயிரில்லாத சாமானுக்குத்தான் என்ரை கை சரி" என்று சொல்லிவிடுவான். லொறியில் சீமெந்தும் மணலும் ஏற்றினான். முதலில் அவன்தான் சொன்னான், போகப் போக ஊரும் சொல்லத் தொடங்கியது. பயணம் புறப்படுகிறவர்கள் அவன் எதிரே வந்தால் ஒரு நிமிடம் நின்று போவதை நான் கண்ணால் கண்டேன். உன்னை அவன் தூக்காததும் அதனால்தான். தொண்ணூற்றைந்தில் வலிகாமத்துச் சனம் எல்லாம் சண்டைக்கு இடம்பெயர்ந்து மழைக்குள்ளே எங்கள் பக்கம் வந்தபோது, அவனுடைய லொறி ஓயாமல் ஓடியது. கிழவர்களையும் பிள்ளைகளையும் ஏற்றினான். "இப்ப மட்டும் ஆக்களை ஏத்துறாய்?" என்று கேட்டேன். "இது நல்ல காரியம் இல்லையே மச்சான்" என்றான்.

இன்னும் ஒன்று இருக்கிறது, இதை எழுதத்தான் கை கூசுகிறது. அவனுடைய மகளின் கலியாணம் உனக்கு ஞாபகம் இருக்கும், நீ பத்தாம் வகுப்பு. முதல் நாள் அவன் என்னிடம் வந்து, "பொம்பிளைக் காரை நீ ஓட்டு மச்சான், உன்ரை கை நல்ல கை" என்றான். நான் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு ஓட்டினேன். பெற்ற தகப்பன் பின்னால் லொறியில், பாய்களோடும் அண்டாக்களோடும் வந்தான். கண்ணாடியில் அவனைப் பார்த்துக்கொண்டே கோயில் வரைக்கும் போனேன். அன்றைக்காவது வாயைத் திறந்திருக்கலாம். கலியாணத்தைக் குழப்பக்கூடாது என்று எனக்கு நானே ஒரு சாட்டுச் சொன்னேன். முந்திச் சண்டைக் காலம் என்று சொன்னேன், பிறகு நீ சின்னப்பிள்ளை என்று சொன்னேன், அதற்குப் பிறகு நீ வெளிநாட்டில் என்று சொன்னேன். சாட்டு எனக்கு ஒருநாளும் குறைந்ததில்லை.

நீ கேட்ட அன்றைக்கு அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள். சுளகைக் கீழே வைத்தாள். நான் அவள் கத்துவாள், அழுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். "இஞ்சாருங்கோ, எனக்குச் சொன்னது இருக்கட்டும்" என்றாள். "துரை அண்ணைக்குப் போய்ச் சொல்லுங்கோ. நாளைக்கில்லை, இண்டைக்கு. உங்களை என்ன செய்யிறது எண்டு நான் பிறகு யோசிக்கிறன்." அன்று தொட்டு எனக்குச் சோறு போடுகிறாள், தேத்தண்ணி தருகிறாள். கதைப்பதில்லை.

சைக்கிளில் போனேன். துரை வளவில் லொறிச் சில்லு ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தான். "என்ன மச்சான், கலியாண வேலையள் எந்தளவிலை?" என்று கேட்டான். நான் நின்றபடியே சொன்னேன். இருந்தால் சொல்லாமல் விட்டுவிடுவேன் என்று பயமாக இருந்தது. கேட்டுவிட்டு, "எவ்வளவு தள்ளி?" என்றான். என் சின்ன விரலைக் காட்டினேன். அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏன் செய்தனீ? நான் உனக்கு என்ன செய்தனான்?"

தவில் பகிடியைச் சொன்னேன். அவன் நெற்றியைச் சுருக்கி யோசித்தான். பொய்யாக யோசிக்கவில்லை, உண்மையாகவே தேடினான்.

"நான் அப்பிடிச் சொன்னனானே?" என்று கேட்டான். "எனக்கு ஞாபகம் இல்லை மச்சான்."

பிறகு கையில் இருந்த சில்லுக் கழற்றும் திறப்பைக் கீழே போட்டான். "என்ரை பிள்ளையின்ரை காரை நான் தொடேல்லை. தங்கச்சியின்ரை பிள்ளையை நான் தூக்கேல்லை" என்றான். குரல் உயரவில்லை. "படலையைச் சாத்திப்போட்டுப் போ." சாத்திவிட்டு வந்தேன். வரும் வழியில் மீசாலை மாமரத்தடியில் சைக்கிளை நிறுத்தி அழுதேன். இத்தனை வயதில் ஒரு மனிசன் வீதியில் நின்று அழுவது நல்ல காட்சி இல்லை, ஆனால் எனக்கு ஏலவில்லை.

மூன்று நாள் ஒரு தொடர்பும் இல்லை. நேற்றுக் காலையில் வந்தான். படலையில் நின்று மணியடிக்கவில்லை, நேரே உள்ளே வந்தான். முகம் வழித்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். நான் கதிரையில் இருக்கிறேன், என்னைப் பார்க்கவே இல்லை. அம்மாவிடம்தான் கதைத்தான். "தங்கச்சி, தம்பியின்ரை காரை நான் ஓட்டுறன். என்ரை கையிலை ஒரு குறையும் இல்லை எண்டு ஊர் பாக்கட்டும். ஆனா உவர் அந்தக் காரிலை ஏறப்படாது." என் பக்கம் விரலை மட்டும் நீட்டினான். அம்மா "ஓம் அண்ணை" என்றாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நானும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆகவே, நீ கேட்டபடி துரை மாமாதான் உன் காரை ஓட்டுவார். புறப்படும்போது அவர் கதவைத் திறந்து விடுவார், நீ அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஏறு. என்னைத் தேடாதே, அப்பாவும் முன்னால் வரட்டும் என்று சபையில் கூப்பிடாதே. சனம் ஏன் என்று கேட்டால், மறைக்காமல் சொல்லச் சொல்லித்தான் இதை எழுதுகிறேன். பொம்பிளைக்கும் வாசிக்கக் கொடு. மாமா தன் நிபந்தனையைச் சொல்லிவிட்டார். அம்மா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள். உன் முடிவு எதுவோ, அதையும் எழுது. பின்னால் வரும் வானில், பாய்களுக்கும் அண்டாக்களுக்கும் பக்கத்தில் எனக்கு ஒரு இடம் கேட்டிருக்கிறேன். அதில் ஏறுவதா, வீட்டில் நிற்பதா என்று உன் பதிலைப் பார்த்துத்தான் நான் வேட்டியை எடுத்து மடித்து வைப்பேன்.

அப்பா